ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போட்ட பூட்டு

நெய்யாறு கடலில் கலக்கும் இடம் பூவார். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் பொழியூர். அதைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. ரோட்டு வழியாகப் போனால் பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளை. விடியற்காலையில் களியக்காவிளையில் பஸ் மாறி நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் வருகிற கொத்தனார், கையாள், ஜவுளிக்கடைச் சிப்பந்தி, கம்பெனி குமாஸ்தா எல்லோரும் அன்றாடம் இரண்டு தடவை ஒரு மாநிலத்தின் எல்லையைக் கடக்கிறார்கள்.

அந்த எல்லை 1956 நவம்பர் 1-ந் தேதி விழுந்தது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் உண்டு. கிடைத்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையில் ஒரு பகுதியும்தான். 1954 ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போன பிறகு வந்த முடிவு அது. இப்பகுதித் தமிழர்கள் இதையெல்லாம் அறிவார்கள்.

அவ்வளவாகப் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. எல்லை விழுந்த அன்று திருவனந்தபுரத்தில் மந்திரி சபை என்று ஒன்று இல்லை. பனம்பிள்ளி கோவிந்த மேனன் மந்திரி சபை கவிழ்ந்து, 1956 மார்ச் 23-ந் தேதி முதல் திருவாங்கூர்-கொச்சியில் ஜனாதிபதி ஆட்சி நடந்து கொண்டிருந்தது. கேரளம் பிறந்ததே ஜனாதிபதி ஆட்சியின் மடியில்தான். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் மந்திரி சபை 1957 ஏப்ரல் 5-ந் தேதி வந்தது.

யார் ஆள்கிறார்?

"அண்ணாச்சி, ஜனாதிபதி ஆட்சின்னா டில்லியிலேருந்து அவரே வந்து ஆளுவாரா?" என்று டீக்கடையில் ஒரு பையன் கேட்டால், "அவரு எங்கடே வாறாரு? அவரு கையெழுத்துதான் வரும்" என்று பெரியவர் ஒருவர் பதில் சொல்லுவார். அரசியல் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த வக்கீலும் விளக்கிவிட முடியாது.

நமது ஜனாதிபதி அமெரிக்க ஜனாதிபதியைப் போன்றவர் அல்ல. முப்படைகளும் அவர் பெயரில் இருக்கின்றன. கவர்னர்களை அவர் பெயரில் நியமிக்கிறார்கள். அவசர நிலையும் அவர் பெயரில்தான் வரும். ஆனால் பேனாவை எப்போது எடுப்பது என்பதை மந்திரி சபை சொல்லுகிறது. ஆகவே இந்தியாவில் ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவது என்றால், அவருக்குப் பின்னால் நிற்கும் பிரதம மந்திரியின் கைக்கு வரம்பு கட்டுவது என்றே அர்த்தம். இதை மறந்து ராஷ்டிரபதி பவனில் இருப்பவரை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தால் விஷயம் பிடிபடாது.

அந்தக் கையெழுத்து என்ன செய்யும் என்பதை இந்தியாவில் முதலில் நன்றாக அனுபவித்தது கேரளம். 1959-ல் விமோசன சமரம் நடந்தபோது அங்கமாலியில் துப்பாக்கிச் சூடு. பிறகு நமது கடற்கரையில் புல்லுவிளையிலும் வெட்டுக்காட்டிலும், ஜூலையில் செறியதுறையில். போராடியவர்களுக்கு நியாயமான குறைகள் இருந்தன என்பதும், அன்றைய போலீஸ் சுட்டது என்பதும் உண்மை. ஆனால் சட்டசபையில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்கு மெஜாரிட்டி இருந்தது. எந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் அவர் தோற்கவில்லை. 1959 ஜூலை 31-ந் தேதி ராஜேந்திர பிரசாத் போட்ட ஒரு கையெழுத்தில் மந்திரி சபையும் போயிற்று, சட்டசபையும் போயிற்று. பிரதம மந்திரி நேரு. ஜனநாயகத்தில் அவருக்கு இருந்த பற்றைச் சந்தேகிப்பவர் குறைவு. அவர் காலத்திலேயே இது நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது.

1965-ல் நடந்தது இன்னும் விசித்திரம். அந்த மார்ச் மாதம் கேரள மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி இல்லை. ஜெயித்தவர்களில் பலர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி சிறையில் இருந்தார்கள். அந்தச் சட்டசபை ஒரு நாள்கூடக் கூடாமலேயே கலைக்கப்பட்டது. ஜனாதிபதி ஆட்சி 1967 மார்ச் வரை நீண்டது. அவர்களைச் சிறையில் வைத்திருந்த சட்டத்துக்கு ஆதாரம், சீன யுத்தத்துக்காக 1962 அக்டோபரில் பிறப்பித்த அவசர நிலை. யுத்தம் ஒரே மாதத்தில் நின்றது. அவசர நிலையோ 1968 ஜனவரி வரை நிற்கவில்லை. அதற்குக் கெடு ஏதும் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆகவே எடுக்க வேண்டிய அவசரமும் எவருக்கும் இல்லை.

ஓர் இரவுக் கையெழுத்து

1975 ஜூன் 25 இரவு நடந்ததை வாசகர்கள் பலர் தங்கள் தகப்பனார் சொல்லிக் கேட்டிருப்பார்கள். இந்திரா காந்தி அம்மையாரின் கடிதம் ராஷ்டிரபதி பவனுக்குப் போயிற்று. மந்திரி சபையைக் கூட்ட நேரமில்லை என்று அதில் காரணம் சொல்லியிருந்தார்கள். பக்ருதீன் அலி அகமது நள்ளிரவுக்கு முன்பே கையெழுத்திட்டார். மந்திரிகளுக்கு மறுநாள் காலை 6 மணிக்குத்தான் சேதி தெரிந்தது. அதற்குள் ஜெயப்பிரகாஷ் நாராயண் முதலானோர் கைதாகிவிட்டனர். டில்லியில் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் நின்றுவிட்டது.

"உள்நாட்டுக் குழப்பம்" என்பதே அன்று சொன்ன காரணம். குழப்பம் என்றால் என்ன? ரயில் நின்றால் குழப்பமா, ஊர்வலம் போனால் குழப்பமா? சட்டத்தில் விளக்கம் இல்லை. ஜனாதிபதியின் திருப்தியே போதும் என்றிருந்தது. அதே ஆகஸ்டில் 38-வது திருத்தம் வந்து, அந்தத் திருப்தியை எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்கக் கூடாது என்றும் எழுதிவிட்டது.

உயிர் வாழும் உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போகும் வழியையும் ஜூன் 27-ந் தேதி இன்னொரு ஜனாதிபதி உத்தரவு அடைத்தது. 1976 ஏப்ரல் 28-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளில் நால்வர், ஆமாம், அடைத்தது அடைத்ததுதான் என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போய்விட்டது. நால்வரின் அந்தத் தீர்ப்புத் தவறு என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்ல 2017 வரை ஆயிற்று.

இது டில்லி விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியவில்லை. 1976 மார்ச் 1-ந் தேதி கோழிக்கோடு ரீஜினல் என்ஜினீயரிங் காலேஜ் மாணவர் ராஜனைப் போலீசார் கொண்டு போனார்கள். கக்கயம் முகாமுக்குப் போனவர் திரும்பவில்லை. தகப்பனார் ஈச்சர வாரியர் ஹிந்திப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஏறாத படியில்லை, மனுக் கொடுக்காத மந்திரியில்லை. கோர்ட்டுக்கு மட்டும் போக முடியவில்லை. அவசர நிலை 1977 மார்ச் 21-ந் தேதி நீங்கியது. அந்த மாதமே அவருடைய ஆட்கொணர்வு மனு கேரள ஐகோர்ட்டில் ஏறியது. ஏப்ரலில் நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும் தீர்ப்புச் சொன்னார்கள். அவசர நிலையில் போலீஸ் மந்திரியாக இருந்து, பிறகு முதல் மந்திரியாகி ஒரு மாதமே ஆன கருணாகரன் ராஜினாமா செய்தார். மகனின் சடலம்கூட அந்தத் தகப்பனாருக்குக் கிடைக்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் 1976 ஜனவரி 31-ந் தேதி வரை நிலைமை வேறாக இருந்தது. அன்று தி.மு.க. மந்திரி சபையை நீக்கிய கையெழுத்து விழுந்ததும் அங்கும் கதவு அடைபட்டது. சென்னை மத்திய சிறையில் அடிபட்ட எம்.பி. சிட்டிபாபு 1977 ஜனவரியில் மாண்டார். பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அதை விசாரித்தது.

எழுதி வைத்த பூட்டுகள்

1977-ல் வந்த ஜனதா சர்க்காரில் சட்ட மந்திரி சாந்தி பூஷண். அவர் கொண்டு வந்து, 1978 டிசம்பரில் பார்லிமெண்டில் நிறைவேறி, 1979 ஏப்ரல் 30-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்றது 44-வது திருத்தம். சொத்துரிமையை அடிப்படை உரிமையிலிருந்து எடுத்த திருத்தம் என்றே பலருக்கு அது நினைவிருக்கிறது. அதன் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது.

"உள்நாட்டுக் குழப்பம்" என்ற சொல் போய், "ஆயுதம் தாங்கிய கலகம்" என்று வந்தது. பிரதம மந்திரியின் கடிதம் மட்டும் போதாது; மந்திரி சபை முழுவதும் முடிவு செய்து, அதை எழுத்தில் அனுப்பினால்தான் ஜனாதிபதி கையெழுத்துப் போடலாம். ஒரு மாதத்துக்குள் பார்லிமெண்டின் இரு சபைகளும் ஒப்ப வேண்டும். வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கும், மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும் ஓட்டளிக்க வேண்டும். அதற்கும் ஆயுள் ஆறு மாதம்தான். பிறகு மறுபடியும் ஓட்டு. 1962-ல் பிறப்பித்து 1968 வரை சும்மா கிடந்ததுபோல இனிக் கிடக்க முடியாது.

பலர் அறியாத ஒரு பூட்டும் இதில் உண்டு. லோக்சபை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால், பதினான்கு நாளுக்குள் சபை தனியாகக் கூடி, அவசர நிலையை நீக்குவதா என்று ஆலோசிக்க வேண்டும். சாதாரண மெஜாரிட்டி வேண்டாம் என்றால் ஜனாதிபதி நீக்கியாக வேண்டும். பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தால் எதிர்க்கட்சியின் வாயைக் கட்ட முடியாதபடி செய்த ஏற்பாடு இது. 2024 டிசம்பர் 3-ந் தேதி இரவு தென் கொரியாவில் ஜனாதிபதி யூன் ராணுவச் சட்டம் பிறப்பித்தபோது, அந்நாட்டுச் சட்டசபை உறுப்பினர்கள் இரவோடு இரவாகக் கூடி ஓட்டுப் போட்டு அதை எடுக்க வைத்தார்களே, அவர்கள் கையிலும் அப்படியொரு பிரிவு எழுத்தில் இருந்தது.

ராஜனின் தகப்பனாரைப் போன்றவர்களுக்காக எழுதியது 359-வது பிரிவில் வந்த மாற்றம். எந்த அவசர நிலையிலும் 20, 21-வது பிரிவுகளை, அதாவது உயிருக்கும் உடலுக்கும் உள்ள உரிமையை, நிறுத்தி வைக்க முடியாது. மாநிலங்களில் ஜனாதிபதி ஆட்சியையும் ஓராண்டுக்கு மேல் நீட்டுவது கடினமாயிற்று. கோர்ட்டை விலக்கி வைத்த 38-வது திருத்தத்தின் வாசகமும் போயிற்று.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஜனதாக்காரர்களை அளவுக்கு மீறிப் புகழ்ந்ததாகிவிடும். பதவிக்கு வந்த ஒன்றிரண்டு மாதத்தில் ஒன்பது மாநிலங்களின் காங்கிரஸ் சர்க்கார்களைக் கலைத்தவர்களும் அவர்களே. தற்காலிக ஜனாதிபதி ஜாட்டி கையெழுத்திடத் தயங்கித் தாமதித்தார், பிறகு இட்டார். 1980 பிப்ரவரியில் காங்கிரஸ் அதையே திருப்பிச் செய்தது. அதில் தமிழ்நாட்டு எம்.ஜி.ஆர். மந்திரி சபையும் போயிற்று. மூன்றே மாதத்தில் மக்கள் அவரைத் திரும்பக் கொண்டு வந்தார்கள்.

பூட்டு பிடித்ததும் பிடிக்காததும்

42-வது திருத்தம் ஜனாதிபதியை மந்திரி சபை சொன்னபடி நடக்கக் கட்டிப் போட்டது. 44-வது திருத்தம் ஒரு சிறு ஜன்னலைத் திறந்தது: மறுபடி யோசியுங்கள் என்று ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மறுபடியும் வந்தால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இது ஒரு அதிகாரமா என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. கோட்டயம் ஜில்லா உழவூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன் ஜனாதிபதியானபோது அதன் பலம் தெரிந்தது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச சர்க்காரை நீக்கும் சிபாரிசைத் திருப்பி அனுப்பினார். குஜ்ரால் மந்திரி சபை கைவிட்டது. 1998-ல் பீகாருக்கு வந்ததையும் திருப்பினார். வாஜ்பாய் மந்திரி சபையும் நிறுத்திக் கொண்டது. 1999 பிப்ரவரியில் மீண்டும் வந்தது, கையெழுத்திட்டார். ஆனால் ராஜ்யசபையில் ஓட்டுக் கிடைக்காது என்று தெரிந்து மார்ச்சில் வாபஸ் வாங்கினார்கள்.

தமிழர்களான இரு ஜனாதிபதிகளின் விஷயத்தில் இதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. 1991 ஜனவரியில் தமிழ்நாட்டு கவர்னர் பர்னாலா, தி.மு.க. சர்க்காருக்கு எதிராக அறிக்கை அனுப்ப மறுத்தார். 356-வது பிரிவில் "கவர்னரின் அறிக்கை மூலமோ, மற்றபடியோ" என்று இருக்கிறது. அந்த "மற்றபடி" என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 30-ந் தேதி கையெழுத்திட்டார். 2005 மே மாதம் பீகார் சட்டசபையைக் கலைக்கும் காகிதம் மாஸ்கோவுக்குப் போயிற்று. ராமேஸ்வரம் தந்த அப்துல் கலாம் அங்கிருந்தே ஒப்புதல் கொடுத்தார். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டு பிறகு சொல்லிற்று. கலாமின் மீது நமக்குள்ள அன்பு குறையவில்லை. ஆனால் திருப்பி அனுப்பும் ஜன்னல் அன்று அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

1989-ல் கர்நாடகத்தில் பதவி இழந்த எஸ்.ஆர். பொம்மை போட்ட வழக்கில் 1994 மார்ச் 11-ந் தேதி ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மெஜாரிட்டி உண்டா என்பதைக் கவர்னர் மாளிகையில் அல்ல, சட்டசபையில் எண்ணிப் பார்க்க வேண்டும்; பார்லிமெண்டு ஒப்புமுன் சட்டசபையைக் கலைக்கக் கூடாது; தவறானால் கோர்ட்டு போன மந்திரி சபையைத் திருப்பிக் கொண்டு வரலாம். 2016-ல் அருணாசலப் பிரதேசத்தில் அப்படியே நடந்தது. கேரளத்தில் 1982-க்குப் பிறகு ஜனாதிபதி ஆட்சி வரவில்லை.

பூட்டைப் போட்டவர்களே சாவியையும் வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் பஞ்சாப் சாட்சி. மூன்று ஆண்டுதான் எல்லை என்றிருந்தும், திருத்தத்தின் மேல் திருத்தமாகக் கொண்டு வந்து 1987 மே முதல் 1992 பிப்ரவரி வரை அங்கே ஜனாதிபதி ஆட்சியை ஓட்டினார்கள்.

இலங்கையில் இந்தச் சாவி விளையாட்டு இன்னும் பகிரங்கமானது. 1978-ல் ஜெயவர்த்தனா அமைத்த சர்வ அதிகார ஜனாதிபதி பதவிக்கு 2001-ல் 17-வது திருத்தம் கடிவாளம் போட்டது. 2010-ல் 18-வது திருத்தம் அவிழ்த்தது. 2015-ல் 19-வது கட்டியது. 2020-ல் 20-வது அவிழ்த்தது. 2022-ல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து கோத்தபயாவை ஓட வைத்த பிறகு 21-வது திருத்தம் ஒரு பாதியைக் கட்டியிருக்கிறது. கட்டியிருந்த காலத்தில் அது வேலை செய்தது. 2018 நவம்பரில் சிறிசேனா பார்லிமெண்டைக் கலைத்தபோது, நாலரை ஆண்டுக்கு முன் கலைக்கக் கூடாது என்று 19-வது திருத்தத்தில் எழுதியிருந்தது. டிசம்பர் 13-ந் தேதி ஏழு நீதிபதிகள் அதைச் சுட்டிக்காட்டிக் கலைப்பு செல்லாது என்றார்கள்.

எழுதி வைக்காத இடத்தில் கோர்ட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதையும் நாம் அண்மையில் பார்த்தோம். தமிழ்நாட்டு மசோதாக்கள் கவர்னரிடம் கிடந்த வழக்கில் 2025 ஏப்ரல் 8-ந் தேதி இரண்டு நீதிபதிகள், தம்மிடம் வரும் மசோதாவின் மேல் ஜனாதிபதி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள், அரசியல் சட்டத்தில் கெடு இல்லாதபோது கோர்ட்டு கெடு வைக்க முடியாது என்று கருத்துக் கூறினார்கள். கெடு வேண்டுமென்றால் பார்லிமெண்டுதான் எழுத வேண்டும்.

இன்னும் பூட்டாத பிரிவு

44-வது திருத்தத்தில் வெளியூரில் பிழைப்பவர்களை நேரே தொடும் பிரிவு ஒன்று இருக்கிறது. அது மூன்றாவது பிரிவு. விசாரணையின்றிக் காவலில் வைப்பதைப் பற்றியது. கேரளத்தில் "காப்பா" என்றும் தமிழ்நாட்டில் "குண்டர் சட்டம்" என்றும் சொல்லுகிறார்களே, அந்த இனத்துச் சட்டங்கள். சொந்த ஊரில் ஒருவனைப் பிடித்தால் வக்கீலைத் தேட மச்சானும் சித்தப்பாவும் இருப்பார்கள். லாட்ஜ் அறையிலோ கட்டடம் நடக்கும் இடத்துக் கொட்டகையிலோ படுத்திருப்பவனைப் பிடித்தால், ஊருக்குச் சேதி போகவே நாலு நாள் ஆகலாம். குற்றமற்றவன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்குக் கிடைக்கும் முதல் இடமே ஆலோசனைக் குழுதான்.

இன்றைய நிலையில் அந்தக் குழுவின் அபிப்பிராயம் இல்லாமல் மூன்று மாதம் வரை உள்ளே வைக்கலாம். குழுவில் நீதிபதியாக இருந்தவரோ, நீதிபதியாகத் தகுதி உள்ளவரோ இருந்தால் போதும். தகுதி உள்ளவர் என்றால் சர்க்காருக்கு வேண்டிய வக்கீலாகவும் இருக்கலாம். மூன்றாவது பிரிவு இதை இரண்டு மாதமாகக் குறைத்தது. ஐகோர்ட்டுத் தலைமை நீதிபதியின் சிபாரிசுப்படியே குழு அமைய வேண்டும். பதவியில் இருக்கும் ஐகோர்ட்டு நீதிபதி தலைவராக இருக்க வேண்டும். மற்றவர்களும் பதவியிலுள்ள அல்லது ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதிகளாகவே இருக்க வேண்டும் என்றது.

பார்லிமெண்டு நிறைவேற்றிவிட்டது. ஜனாதிபதி கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனால் எந்தத் தேதியில் அமலுக்கு வரும் என்று அறிவிப்பதை மத்திய சர்க்காரின் கையில் விட்டிருந்தார்கள். மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் 1979-லேயே தேதி குறித்தார்கள். இதற்கு மட்டும் குறிக்கவில்லை. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்ட தன்பாத் எம்.பி. ஏ.கே. ராய் தொடுத்த வழக்கில், தேதி குறிக்கச் சொல்லி சர்க்காருக்குக் கட்டளையிட முடியாது என்று 1981 கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு மெஜாரிட்டித் தீர்ப்பில் கூறிவிட்டது. அதன் பின் காங்கிரஸ் ஆண்டது, ஜனதா தளம் ஆண்டது, ஐக்கிய முன்னணி ஆண்டது, பாரதிய ஜனதா ஆளுகிறது. அவசர நிலையில் சிறைக்குப் போனதைப் பெருமையாகச் சொல்லும் மந்திரிகள் எத்தனையோ பேர் வந்து போனார்கள்.

இதற்குப் புது மசோதா தேவையில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் தேவையில்லை. கெஜட்டில் ஒரு தேதியை அச்சடித்தால் போதும்.